நின்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்

1998-ஆம் ஆண்டு சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவுக்கு, தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசு கிடைத்தது. இந்தியாவில் அந்தப் பரிசை முதலில் வாங்கிய நிறுவனம் அதுதான். அதே ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியும் தொடங்கியது. அடுத்தடுத்து சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், டிவிஎஸ் மோட்டார், ரானே, லூகாஸ் டிவிஎஸ் என்று டெமிங் பரிசுப் பட்டியலில் தமிழ்நாட்டுப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. இந்தக் காற்று சென்னையைச் சுற்றியிருந்த சிறு பட்டறைகள் மீதும் அடித்தது. அதுவரை "சரக்கு வந்துச்சா, எண்ணிக்கை சரியா" என்று மட்டும் கேட்டுவந்த பெரிய கம்பெனிகள், "எப்படிச் செய்யறீங்க, வந்து பாக்கணும்" என்று சொல்ல ஆரம்பித்தன. அந்தச் சமயத்தில்தான் நான் டிப்ளமோ முடித்துவிட்டு பிரம்மதேசத்திலிருந்து கிளம்பி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கார் கம்பெனிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துத் தரும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன்.

எங்கள் பிரம்மதேசம் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, எண்ணாயிரம், எசாலம் ஆகிய ஊர்களின் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. சோழர் காலத்துக் கோயில்களும் ஏரிப் பாசனமும் நெல்லும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும்தான் எங்கள் ஊர்ப்பக்கத்து அடையாளம். தொழிற்சாலை என்றால் எங்களுக்கு அன்று தெரிந்தது ரைஸ்மில் மட்டும்தான்.

அந்த பிரஸ் ஷாப்புக்கு வாரம் இரண்டு நாள் ஆலோசகராக வந்தவரை எல்லோரும் 'சார்' என்றே கூப்பிடுவோம். பெரிய தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் உற்பத்தியைக் கவனித்து ஓய்வு பெற்றவர். ஜப்பானுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தவர். யொஷிகாசு ட்சுடா, யாசுடோஷி வாஷியோ போன்ற ஜப்பானியப் பேராசிரியர்கள் டிவிஎஸ் குழுமத்துக்கு வந்து வழிகாட்டிய காலம் அது. அவர்கள் பெரிய ஆலைகளுக்குச் சொன்னதை, பத்து பிரஸ்ஸும் நாலு டிரில்லிங் மெஷினும் இருந்த எங்கள் மாதிரி இடத்துக்குத் தோதாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் சார். 

சேர்ந்த புதிதில் அவர் எனக்குக் கொடுத்த வேலை நிற்பது. ஒரு பிரஸ்ஸுக்கு எதிரே தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டார். "தம்பி, சாப்பாட்டு மணி அடிக்கற வரைக்கும் இதுக்குள்ளயே நில்லு. கண்ணுல பட்டதை எழுது. யாருக்கும் யோசனை சொல்லாத" என்றார். டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கிய தாய்ச்சி ஓனோ தன்னிடம் வந்த பொறியாளர்களை இப்படித்தான் வட்டத்துக்குள் நிறுத்துவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

முதலில் எழுத எதுவும் இல்லை என்றே பட்டது. மெஷின் ஓடுகிறது, ஆபரேட்டர் அண்ணன் வேலை செய்கிறார், அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கண் திறந்தது. வெட்டிய தகடுகள் இருந்த பெட்டி தரையில் கிடந்தது. ஒவ்வொரு தகட்டுக்கும் அவர் குனிந்து நிமிர்ந்தார். அடித்து முடித்த பாகத்தைப் பின்னால் இருந்த தொட்டியில் போட உடம்பைத் திருப்பினார். எண்ணெய் டப்பா தூணுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அளவு சரிபார்க்கும் கேஜ் இன்ஸ்பெக்டர் மேசையில் இருந்தது. அங்கே போனால் முன்னால் இன்னொருவர் நின்றார். 

மணி அடித்ததும் சார் என் நோட்டை வாங்கிப் படித்தார். "இதுல எது வேலை?" என்று கேட்டார். பிரஸ் இறங்கித் தகடு வடிவம் எடுக்கும் அந்த ஒரு நொடியைத் தவிர வேறு எதற்கும் கார் கம்பெனி காசு தராது என்பதை அவரே விளக்கினார். பிறகு சொன்னதை நான் இன்றுவரை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன்: "மீதி எல்லாம் அந்த மனுஷனோட முதுகு தம்பி. அவர் முதுகை நாம வீணாக்கறோம்."

அடுத்து அவர் போனது முதலாளியிடம் இல்லை, அந்த அண்ணனிடம். "பெட்டி எந்த உயரத்துல இருந்தா உங்களுக்கு வசதி?" என்று கேட்டார். பல வருஷமாக அந்த மெஷினில் நின்றவரிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவர் கையை நீட்டிக் காட்டினார். பழைய ஆங்கிள் இரும்பை வெட்டி, அந்த உயரத்துக்கு, தகடு தானாகச் சரிந்து கைக்கு வரும்படி ஒரு ஸ்டாண்டு வெல்டிங் செய்தோம். கேஜ் மெஷினுக்குப் பக்கத்திலேயே கொக்கியில் தொங்கியது. செலவென்று பார்த்தால் வெல்டிங் ராடுக்கு மட்டும்தான். உற்பத்தி கூடியது. அதைவிட, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பது குறைந்தது என்று அந்த அண்ணன் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஓனோ வகுத்த ஏழு வீண்களைச் சார் கரும்பலகையில் எழுதிப்போட்டதே இல்லை. ஷாப்பைச் சுற்றி நடந்துகொண்டே ஒவ்வொன்றையும் காட்டினார். காத்திருப்பது, சுமந்து அலைவது, உடம்பைத் தேவையில்லாமல் அசைப்பது, கேட்காத நேர்த்தியைச் செய்வது, சரக்கைக் குவித்து வைப்பது, பழுதாகச் செய்து திருப்பிச் செய்வது, தேவைக்கு மேல் செய்வது. இதில் கடைசியைத்தான் எல்லாவற்றிலும் மோசம் என்பார். ஆர்டர் ஆயிரத்துக்கு இருக்கும்போது மூவாயிரம் அடித்து அடுக்குவது எங்கள் ஷாப்பில் கெட்டிக்காரத்தனமாகவே கருதப்பட்டது. அது ஏன் தவறு என்று எனக்குப் புரியவில்லை. "உங்க ஊர்ல ஏரி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "தண்ணி ததும்பறப்ப உள்ள என்ன கெடக்குதுன்னு தெரியாது. கோடையில வத்தினாத்தான் முள்ளுக் கட்டை, உடைஞ்ச மதகு எல்லாம் வெளிய வரும். சரக்குக் குவியலும் அப்படித்தான். மெஷின் அடிக்கடி நிக்கறது, டை தேய்ஞ்சது, தகடு தரமில்லாதது எல்லாத்தையும் அது மூடி மறைச்சுடும். கொஞ்சம் கொஞ்சமா வத்த வைக்கணும். வெளிய தெரியறதை அப்பப்ப சரிபண்ணணும்."

குவித்து அடிப்பதற்கு எங்களிடம் ஒரு நியாயமான காரணம் இருந்தது. தகட்டுக்கு வடிவம் தரும் அச்சான டையை மாற்ற நேரம் ஆகும். ஒருமுறை மாட்டினால் முடிந்தவரை அடித்துவிடலாம் என்பதுதான் கணக்கு. சார் அந்தக் காரணத்தையே கையில் எடுத்தார். ஜப்பானியப் பொறியாளர் ஷிகெயோ ஷிங்கோவின் கதையை அப்போதுதான் சொன்னார். 1969-ல் டொயோட்டாவின் 1000 டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. ஷிங்கோவும் அங்கிருந்தவர்களும் சேர்ந்து அதை முதலில் ஒன்றரை மணி நேரத்துக்கும், பிறகு மூன்று நிமிடத்துக்குள்ளும் கொண்டுவந்தார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. மெஷின் நின்றால் மட்டுமே செய்யக்கூடிய வேலைகளையும், மெஷின் ஓடும்போதே செய்துவைக்கக்கூடிய வேலைகளையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான் முதல் படி.

எங்கள் ஷாப்பில் பிரித்துப் பார்த்தபோது நிலைமை தெரிந்தது. மெஷினை நிறுத்திய பிறகுதான் அடுத்த டையைத் தேடி ரேக்குக்குப் போவோம். நான்கு போல்ட்டுக்கும் நான்கு அளவு ஸ்பேனர். டைகளின் உயரம் ஒவ்வொன்றும் வேறு என்பதால், பிரஸ்ஸின் இறக்கத்தை ஒவ்வொரு தடவையும் திருகித் திருகிச் சரிசெய்வோம். சரியாக வருகிறதா என்று பார்க்க அடிக்கும் தகடுகள் நேராகக் கழிவுத் தொட்டிக்குப் போகும். சார் சொன்னபடி எல்லா டைக்கும் அடியில் பேக்கிங் பிளேட் வைத்து உயரத்தை ஒன்றாக்கினோம். போல்ட் எல்லாம் ஒரே அளவு. ஒரே ஸ்பேனர், அதுவும் மெஷினிலேயே தொங்கியது. அடுத்த டை, முந்தைய வேலை முடியும் முன்பே டிராலியில் பிரஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றது. டை மாற்றுவது சுலபமானதும், ஆர்டருக்குத் தக்கபடி சிறுகச் சிறுக அடிப்பதும் சுலபமானது. குவியல் தானாகக் கரைந்தது. நடக்க வழியில்லாமல் இருந்த ஷாப்பில் தரை தெரிந்தது.

இதற்கெல்லாம் மேலாக அவர் பிடிவாதமாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. பழுது கண்ணில் பட்டால் மெஷினை நிறுத்தும் உரிமை அங்கே நிற்பவருக்கு இருக்க வேண்டும். நிறுத்தியதற்காக அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. இதற்கு டொயோட்டாவையே உதாரணம் காட்டுவார். கார் செய்வதற்கு முன்பு தறி செய்த குடும்பம் அது. 1924-ல் சாகிச்சி டொயோடா முழுமையாக்கிய தானியங்கித் தறியில், ஒரு நூல் அறுந்தாலும் தறி தானே நின்றுவிடும். அதனால் பழுதான துணி நெய்யப்படுவதில்லை. ஒருவரே பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. "தறிக்கே நிக்கத் தெரியுது. மனுஷனை ஏன் நிக்க விடமாட்டேங்கறீங்க?" என்று சார் சூப்பர்வைசர்களிடம் கேட்பார். நிறுத்தியவரிடம் போய் முதலில் நன்றி சொல்ல வேண்டும், பிறகுதான் காரணம் கேட்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

இன்னொரு சட்டம் முதலாளிகளுக்கு. எந்த இடத்தில் வேலையை ஒப்புக்கொண்டாலும், மிச்சமாகும் நேரத்தைக் காட்டி ஒருவரையும் வெளியே அனுப்பமாட்டோம் என்ற வாக்கை முதலில் வாங்கிக்கொள்வார். ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சொன்ன யோசனைகளால் இரண்டு பேர் செய்த வேலையை ஒருவர் செய்ய முடிந்தது. வாக்குக் கொடுத்திருந்தும், அடுத்த வாரம் ஒருவருக்கு வேலை இல்லை. சார் அன்றே அங்கே போவதை நிறுத்திக்கொண்டார். "யோசனை சொன்னா சோறு போயிடும்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சா, அப்புறம் அவன் வாயைத் திறப்பானா? நாமதான் அந்த வாயை மூடினோம்" என்று என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். ஆட்குறைப்புக்கு அழகான பெயராக இந்த முறைகளைப் பயன்படுத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் இதைக் கற்கவில்லை என்றுதான் சொல்வேன். 'டொயோட்டா வழி' (Toyota Way) என்ற கொள்கையின் இரண்டு தூண்களில் ஒன்று தொடர்ந்து மேம்படுத்துவது; மற்றது மனிதர்களை மதிப்பது. ஒன்றை இழந்தால் மற்றது நிற்காது.

பிற்பாடு நான் ஊர்ப்பக்கம் திரும்பி, மாமாவின் ரைஸ்மில்லில் கூட இருந்து பார்க்கும் நிலை வந்தது. சார் அப்போது வெளியூர்ப் பயணங்களைக் குறைத்திருந்தார். போனில் கேட்டேன். "பிரஸ் ஷாப்புல என்ன செஞ்சோமோ அதையே அங்க செய்யாத. அங்க போய் நில்லு" என்றார். 

மில்லில் முதலில் கண்ணில் பட்டது நெல்லை உரிக்கும் ரப்பர் ரோல். இரண்டு ரோல்கள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று வேகமாக, மற்றது மெதுவாக. அந்த வேக வித்தியாசத்தில்தான் உமி கழன்று வருகிறது. வேகமான ரோல் சீக்கிரம் தேயும் என்பதால் இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும், முழுக்கத் தேய்ந்தால் புதிது போட வேண்டும். மாமாவின் மில்லில் ரோல் தேய்ந்தது என்பது, உரியாத நெல் மறுபக்கம் கொட்டும்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு மோட்டாரை நிறுத்தி, ஆபீஸ் அறைச் சாவியைத் தேடி, உள்ளேயிருந்து புது ரோல் எடுத்து, ஸ்பேனர் யாரிடம் என்று விசாரிப்பார்கள். அதுவரை பாலிஷர், சல்லடை எல்லாம் சும்மா சுற்றும்.

டை மாற்றும் பாடம் இங்கே அப்படியே கைகொடுத்தது. மெஷின் பக்கத்திலேயே ஒரு பலகையில் புது ஜோடி ரோலும் ஸ்பேனரும் எப்போதும் இருக்கும். தினமும் காலையில் மெஷின் ஓட்டும் தம்பி ரோலின் கனத்தைப் பார்த்து எழுதுவான். எப்போது மாற்ற வேண்டும் என்பது முந்தின நாளே தெரியும் என்பதால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றி முடித்தார்கள்.

அடுத்தது குருணை. புழுங்கல் அரிசியில் குருணை கூடிக்கொண்டே போனது. பாலிஷர்மேல் பழி போட்டு அதை மாற்ற மாமா பணம் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு காரணத்தோடு நிற்காமல் ஏன், ஏன் என்று ஐந்து முறையாவது கேட்கச் சொல்வது ஓனோவின் வழி. கேட்டோம். அரிசி ஏன் உடைகிறது? நெல் அளவுக்கு மீறிக் காய்ந்து வருகிறது. ஏன் காய்கிறது? களத்திலிருந்து நேரத்துக்கு அள்ளுவதில்லை. ஏன்? ஈரம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் அள்ளச் சொல்ல முடியும். ஏன் தெரியவில்லை? ஈரப்பதம் பார்க்கும் கருவி ஆபீஸில் பூட்டிக் கிடக்கிறது. ஏன்? விலை கூடிய சாமான், வெளியே வைத்தால் கெட்டுவிடும் என்ற பயம். நெல் 13, 14 சதவீத ஈரத்தில் அரவைக்குப் போனால் உடைசல் குறையும். களத்தோரம் ஒரு சின்ன மரப்பெட்டியில் கருவியை வைத்து, அதைப் பார்க்கக் களத்துப் பெண்களுக்கே கற்றுக்கொடுத்தோம். பாலிஷரை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. அரசுக் கொள்முதலில் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி என்பது கணக்கு. அதில் ஒரு கிலோ குருணையாகப் போனாலும் ஆலைக்காரருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

களத்தில் நின்றபோது எனக்குப் பெரிய பாடம் சொன்னவர், நெல் துழாவிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா. கூடையில் அள்ளிய நெல்லை எலிவேட்டர் குழிக்குச் சுமந்துபோகும் வழியில் உமி மலையாகக் குவிந்து கிடந்தது. "உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று கேட்டேன். "இந்த உமிக் குமியைச் சுத்தியே பாதிப் பொழுது போயிடுது தம்பி. இதை அந்தாண்ட கொட்டச் சொன்னா நேரா போயிடலாம்" என்றார். "சொல்லியிருக்கலாமே அம்மா?" என்றேன். "கேட்டாதான தம்பி சொல்றது" என்றார். உமி கொட்டும் குழாயைத் திருப்பிவிட்டோம். தலைச்சுமைக்குப் பதில் தள்ளுவண்டி வந்தது. அவர்கள் நேராக நடந்தார்கள்.

ஈரம், ரோல் கனம், மில் நின்ற நேரம், நின்றதன் காரணம், அன்றைய குருணை எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் பலகையில் எழுத வேண்டும் என்றபோது மாமா தயங்கினார். "கணக்கைப் போய் வெளிய எழுதுவாங்களா மாப்ள?" என்றார். பக்கத்து எண்ணாயிரத்து நரசிம்மர் கோயில் சுவரை நினைவூட்டினேன். முதலாம் ராசேந்திர சோழன் காலத்தில் அங்கே 340 மாணவர்கள் படித்த கல்லூரி இருந்தது. மாணவர்களுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நெல் என்பதைக் கல்லில் வெட்டி, எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறார்கள். இன்னது செய்ய வேண்டும், இவ்வளவு தர வேண்டும் என்பது பொதுவில் இருந்தால்தான், குறையும்போது யாரும் கேட்க முடியும். மாமா ஒப்புக்கொண்டார். பலகை வந்த பிறகு குருணை கூடினால் ஆட்களே அவரிடம் வந்து காரணம் பேசினார்கள். மில் ஆட்களில் ஒருவரையும் நாங்கள் நிறுத்தவில்லை. அந்த வாக்கை மாமாவிடம் முதல் நாளே வாங்கியிருந்தேன்.

இன்று இதற்கெல்லாம் அரசுத் திட்டங்கள் உண்டு. வீணைக் குறைக்கும் இந்த முறைகளைச் சிறு, குறுந்தொழில்களுக்குக் கொண்டுபோகும் லீன் திட்டத்தை மத்திய அரசு 2009-ல் தொடங்கியது. 2023 மார்ச்சில் புது வடிவில் மறுபடி கொண்டுவந்தது. ஆலோசகர் செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. இந்திய உற்பத்தித் துறைக்குத் தலைவர்களை உருவாக்கப் பாடுபட்ட ஜப்பானியப் பேராசிரியர் ஷோஜி ஷிபாவுக்கு 2012-ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தோம். வாய்ப்புகள் இருக்கின்றன, பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் சான்றிதழைச் சுவரில் மாட்டுவதற்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம். தரையில் மஞ்சள் கோடு போட்டு, ரேக்குகளுக்குப் பெயர் ஒட்டி, ஆய்வு முடிந்ததும் பழையபடி ஆகிவிட்ட இடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் கோடு போட்டவர் வெளியிலிருந்து வந்தவர். அங்கே நின்று வேலை செய்தவரை யாரும் கேட்கவில்லை.

சோதித்துப் பார்த்து நல்லதை எடுத்துக்கொள்வது எங்கள் பகுதிக்குப் புதிதில்லை. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் பாத்தி பாத்தியாகப் போட்டுப் பார்த்துத் தந்த டி.எம்.வி. ரக மல்லாட்டைகளை எங்கள் பெரியவர்கள் விளைவித்திருக்கிறார்கள். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போன எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் தொடர்ந்து மேம்படுத்தும் கைசனையும், தேவைக்குத் தக்கபடி மட்டும் சரக்கை நகர்த்தும் கான்பனையும் அங்கே தினமும் கையாளுகிறார்கள். ஊருக்கு வரும்போது அந்த அறிவைக் கம்பெனி வாசலிலேயே விட்டுவிட்டு வருவதுதான் எனக்கு ஆதங்கம். ரைஸ்மில், செங்கல் சூளை, பால் கூட்டுறவுச் சங்கம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று அது தேவைப்படும் இடங்கள் இங்கேதான் ஏராளம்.

தொடங்க நினைக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சார் எனக்குச் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். யாருடைய வேலையும் போகாது என்ற வாக்கை முதலாளியிடம் முதலில் வாங்குங்கள். ஒரே ஒரு மெஷினையோ ஒரே ஒரு வேலையையோ தேர்ந்தெடுத்து, வாயைத் திறக்காமல் அங்கே நின்று பாருங்கள். பிறகு அங்கே வேலை செய்பவரிடம் எது கஷ்டம் என்று கேளுங்கள். அவர் சொன்னதில் பணம் செலவாகாத ஒன்றை அன்று சாயங்காலத்துக்குள் செய்து முடியுங்கள். அடுத்த யோசனை உங்களைத் தேடி வரும்.